ஆர்க்கிடெக்ட்: வடிவமைப்பாளர் அல்ல, பெருந்தச்சர்

'வீட்டுவசதிக் கொள்கையில் கட்டட வடிவமைப்பாளர்களின் பங்கு' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு கண்ணில் பட்டது. ஆர்க்கிடெக்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். வடிவம் வரைகிறவருக்குக் கொள்கையில் என்ன வேலை என்றுதான் படிக்கிறவர் கேட்பார். அந்த வேலையைச் சொல்ல வந்த கட்டுரையைத் தலைப்பே கெடுத்துவிட்டது.

ஆர்க்கிடெக்ட்டின் மூலச்சொல் கிரேக்கம். ஆர்க்கி என்றால் தலைமை. தெக்டோன் என்றால் தச்சர். தலைமைத் தச்சர், அவ்வளவுதான்.

வடிவமைப்பாளர் என்பது டிசைனருக்கு வைத்த சொல். ஆடைக்கும் அவர்தான், இணையதளத்துக்கும் அவர்தான். ஆர்க்கிடெக்ட்டின் வேலை அதோடு நிற்பதில்லை. சிலே நாட்டின் இகீக்கே நகரில், நடுநகரில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு 2004இல் ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு வீடு கட்டியது. அரசு மானியம் முழு வீட்டுக்குப் போதவில்லை. பாதி வீட்டைக் கட்டித் தந்து, மீதியை அவர்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் குடிவைத்ததுதான் அங்கே பெரிய காரியம். அதைச் செய்து காட்டியவரை வடிவமைப்பாளர் என்றால், செய்ததில் பாதியை மறைத்ததாகும்.

கட்டடக் கலைஞர் என்பது பரவாயில்லை. ஆனாலும் கலைஞர் என்றதும் அழகு முன்னால் வந்து, பொறுப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

நம்மிடம் பெருந்தச்சர் இருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனை இராசராசப் பெருந்தச்சன் என்கிறது. கிரேக்கச் சொல்லோடு அப்படியே பொருந்துகிறது. தச்சர் மரவேலைக்காரர் ஆயிற்றே என்பார்கள். சரி, தெக்டோனும் மரவேலைக்காரர்தான். தச்சன் வடசொல் வழி வந்தது என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிய சொல்லை இனி எங்கே துரத்துவது? அப்படியும் உறுத்தினால் சங்கப் பாட்டான நெடுநல்வாடைக்குப் போகலாம். அங்கே நூலறி புலவர் கயிறிட்டு அளந்து 'மனை வகுத்து' அரண்மனை எழுப்புகிறார்கள். வகுத்தல் எவ்வளவு நல்ல சொல்! யாருக்கு எங்கே, எவ்வளவு இடம் என்று பிரிப்பதும் வகுத்தல்; சட்டமும் கொள்கையும் இயற்றுவதும் வகுத்தல்.

எனக்கு ஆற்றாமை மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். அரசியல் தலைவரை ஒரு திட்டத்தின் ஆர்க்கிடெக்ட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தயங்காமல் 'சிற்பி' என்று உயர்த்துகிறார்கள். நிஜ ஆர்க்கிடெக்ட் கொள்கை பேச வந்தால் வடிவமைப்பாளர் ஆக்கிவிடுகிறார்கள். பெருந்தச்சர் என்று எழுதக் கூச்சமாக இருந்தால் கட்டடக் கலைஞர் என்றாவது எழுதட்டும். அதற்கும் மனமில்லையென்றால் ஆர்க்கிடெக்ட் என்றே விட்டுவிடலாம்.