இரைச்சல் எது, இசை எது: பழைய வாத்திய இசை ரீமாஸ்டர் ஆகும் விதம்

கீழக்கரையின் பழைய வீட்டு மச்சுகளில் இன்றும் ஏழு அங்குல இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போய் வந்தவர்கள் அத்தரோடும் பீங்கானோடும் கொண்டுவந்து சேர்த்தவை அவை. என் மாமாவின் தகரப்பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை, பாடகர் குரலே இல்லாமல் கித்தாரும் ஆர்கனும் டிரம்பெட்டும் மட்டும் ஒலிக்கும் மேற்கத்திய மெல்லிசைத் தட்டுகள். 1950களின் பிற்பகுதியிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு உலகெங்கும் பெரிதும் விற்ற வகை அது. மொழி தேவைப்படாத பாட்டு என்பதால் எங்கள் ஊரில் அதற்கு இடம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வகை இசை வானொலி வழியாகவும் இங்கே வந்தது. கடல்நீர் உலர்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்துவதால், மத்திய அலை கடற்பரப்பின் மேல் அதிகம் வலுவிழக்காமல் பயணம் செய்யும். அதனால்தான் இலங்கை வானொலி பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ளூர் நிலையம்போல் கேட்டது. ஆனால் சாதாரண மத்திய அலைப் பெட்டியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி ஏறத்தாழ முழுவதும் அடங்கிவிடும். அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு, அதே இசையின் ரீமாஸ்டர் பதிப்பு முதல் தடவை கூர்மையாகவும் அந்நியமாகவும் படுகிறது. அந்தக் கூர்மை பழைய ஒலிப்பதிவிலேயே இருந்ததா, பின்னால் சேர்க்கப்பட்டதா என்பதுதான் சேகரிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கலந்து முடிக்கப்பட்ட மூலநாடாவை மீண்டும் ஓட்டி, புதிதாகக் கணினி படிக்கும் எண்களாக்கி, ஒலிச்சமநிலையைத் திருத்துவது. ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தடத்தையும் எடுத்து மறுபடி கலந்தால் அது ரீமிக்ஸ். அதே கலைஞர் பிற்காலத்தில் மீண்டும் வாசித்துப் பதிவு செய்தது வேறொரு பதிவு. மலிவான தொகுப்புகள் பலவற்றில் இந்த மூன்றாவது வகைதான் இருக்கும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

மூலநாடா கிடைத்தாலும் அதை உடனே ஓட்டிவிட முடியாது. நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையால் ஒட்டிய பொருள். 1970களில் செய்யப்பட்ட நாடாக்கள் பலவற்றில் அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகி, ஓட்டும்போது இயந்திரத்தில் ஒலியைப் படிக்கும் ‘தலை’ என்ற பாகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவற்றை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகே ஓட்டுவார்கள். அதற்கு முந்தைய அசிடேட் நாடாக்களுக்கு அதே வெப்பம் கேடு செய்யும். அடுத்தது தலையின் கோணம். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 38 மைக்ரான் நீளமே இருக்கும். தலையின் இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்தாலும் அலையின் மேடும் பள்ளமும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படி இழந்த உயர் ஒலியைப் பின்னால் எந்தக் குமிழைத் திருகியும் மீட்க முடியாது. அந்த இடத்தில் இரைச்சல்தான் பெருகும்.

மூலநாடா அழிந்துபோயிருந்தால் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுத் தட்டுகளில் வாடைக்காற்றுக் காலத்து ஈரம் வெண்பூசணமாகப் படிந்திருந்தது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், வரிப்பள்ளங்களின் மேல் சிறுசிறு நட்சத்திரங்களாக அது தெரியும். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவலாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும், அரக்கால் ஆன பழைய தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

தட்டின் பள்ளத்தில் இருப்பது இசையின் நேர்ப்பதிவு அன்று. தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தை அகலமாக வளைத்து இடத்தைத் தின்றுவிடும் என்பதால் வெட்டும்போது அவற்றைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிப் பதிப்பார்கள். இயக்கும்போது பெருக்கி அதைத் தலைகீழாகச் செய்து சமன்படுத்தும். இதற்கான பொது அளவீடு 1954ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறியது. தவறான அளவில் படித்தால் தட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இசை மெலிந்தோ மந்தமாகவோதான் வரும்.

ஒற்றைத்தட ஒலியுள்ள தட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. அவற்றில் இசை பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்திருக்கும். ஊசியை மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும் தூசியும் தேய்மானமும்தான். ஸ்டீரியோ ஊசியால் வாசித்து இடது, வலது ஒலிகளைக் கூட்டினால், மேல்கீழ் அசைவு எதிரெதிராக வந்து ரத்தாகிவிடும். மென்பொருள் எதையும் தொடுமுன்பே இரைச்சலில் பெரும்பகுதி போய்விடுகிறது.

மீதமுள்ள டிக் டிக் ஒலிகளுக்குக் கணினி வேண்டும். நொடிக்கு 44,100 எண்களாக மாறிய இசையில் ஒரு மில்லி நொடி நீளமுள்ள கீறல் 44 எண்களைக் கெடுக்கும். இருபுறமும் நல்ல நிலையில் உள்ள எண்களிலிருந்து அந்த இடத்தில் அலை எப்படிச் சென்றிருக்கும் என்று மென்பொருள் கணித்து நிரப்புகிறது. நீண்டு ஒலிக்கும் கித்தார் நாதத்தில் இந்தக் கணிப்பு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக அமைகிறது. ஆனால் தந்தியை மீட்டும் முதல் கணமும் டிரம்மில் குச்சி படும் கணமும் கீறலைப் போலவே திடீரென எழுபவை. கண்டறியும் அளவைக் கடுமையாக வைத்தால் அவையும் மழுங்கிவிடும்.

சுருதி ஆட்டம் இன்னும் நுட்பமானது. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்து, ஊசி மையத்திலிருந்து 80 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால், வேகம் 0.6 சதவீதம் கூடியும் குறைந்தும் ஆடும். அது அரைச்சுருதி இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு. பாடகர் குரலில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். நீண்ட வாத்திய நாதத்தில் தப்பாமல் காட்டிக்கொடுக்கும். 1959ஆம் ஆண்டு சான்டோ, ஜானி சகோதரர்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற ‘ஸ்லீப் வாக்’ போன்ற, தந்திகளின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கித்தார் இசையை எண்ணிப் பாருங்கள். அதில் சுருதி வழுக்குவதே இசை. தட்டின் ஆட்டம் 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் திரும்ப வரும். கலைஞரின் கை நடுக்கமோ நொடிக்குச் சில தடவை, ஒழுங்கின் நடுவே உயிரோட்டமான மாறுதலோடு வரும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் முன்னதை மட்டும் நேராக்குவார். அறியாதவர் இரண்டையும் நேராக்கி, கித்தாரை மின்மணியாக்கிவிடுவார்.

நாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலியைப் போக்குவதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். இசை தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தின் இரைச்சலை மாதிரியாக எடுத்து, பாடல் முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது மென்பொருள். அக்கால ஒலிக்கூடங்கள் வாத்தியங்களுக்கு எதிரொலியைத் தாராளமாகச் சேர்த்தன. அதற்கு உதவிய நாடா இயந்திரத்தில் பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இருந்தால், நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் 0.13 நொடி கழித்து ஒலி திரும்பி வரும். அந்த எதிரொலியின் வால் மெலிந்து மெலிந்து இரைச்சலுக்குள் நுழைந்தே மறைகிறது. இரைச்சலை முழுவதும் கழித்தால் வாலும் அறுபடும்; நாதம் ஒடுங்கும் முன்பே கதவை அடைத்ததுபோல் நின்றுவிடும்.

ஒரு பதிப்பை வாங்குமுன் கடைசிப் பத்து நொடியை ஹெட்போனில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவையும் சமமாக்கிக்கொள்வது அவசியம். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். 1990களுக்குப் பிறகு வந்த பதிப்புகள் பலவற்றில் மென்மையான இடங்களும் உச்சத்துக்கு இழுக்கப்பட்டிருப்பதால், இந்த எச்சரிக்கை இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாமாவின் தட்டு ஒவ்வொன்றையும் நான் இரண்டு கோப்புகளாகச் சேமிக்கிறேன். ஒன்று திருத்தியது. மற்றொன்று ஊசியிலிருந்து வந்தபடியே, கீறலும் இரைச்சலும் ஆட்டமும் அப்படியே உள்ள, ஒவ்வோர் எண்ணையும் மிக நுட்பமாகக் குறிக்கும் 24 பிட் பிரதி. இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.