மைனர் ஸ்கேலில் இடம்மாறும் இரண்டு சுரங்கள்

மேற்கத்திய இசையின் மைனர் ஸ்கேல் என்னும் சுரவரிசையில் நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் என மூன்று வகை உண்டு என்பதை என்னிடம் கீபோர்டு கற்க வருபவர்களில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் மூன்று என்று கேட்டால்தான் பதில் வராது. காரணம் தெரியாமல் விரல்களுக்கு மட்டும் பழக்கிய ஸ்கேல், தேர்வு முடிந்த கையோடு மறந்துபோவதை வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஏ மைனரையே எடுத்துக்கொள்வோம். ஏ-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்து அடுத்த ஏ-யை அடைந்தால் அது நேச்சுரல் மைனர். கறுப்போ வெள்ளையோ, ஒட்டியுள்ள அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்; அந்தக் கணக்கில் சுரங்களுக்கு இடையிலான தூரங்கள் 2, 1, 2, 2, 1, 2, 2. ஏ-யிலிருந்து சி-க்கு 3 அரைச்சுரங்கள் (மேஜர் என்னும் மற்றொரு ஸ்கேலில் மூன்றாம் சுரம் 4 தள்ளி வரும்). இந்த மூன்றாம் சுரம் எந்த வகையிலும் மாறுவதில்லை.

இனி, ஏ-யிலிருந்து ஏறிச் சென்று ஜி-யில் நிறுத்திப் பாருங்கள். காது பெரிதாகத் தவிக்காது. அதே இடத்தில் ஜி ஷார்ப்பை (ஜி-யைவிட அரைச்சுரம் உயர்ந்த கறுப்புக் கட்டை) வாசித்து நிறுத்தினால், மேலேயுள்ள ஏ-யைத் தொட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும். அரைச்சுரமே மீதமிருப்பதால் எழும் இழுப்பு அது. அந்த இழுப்புக்காகவும், இ, ஜி ஷார்ப், பி சேர்ந்த மேஜர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) ஏ மைனர் கார்டில் அழுத்தமாக வந்து முடிவதற்காகவும் ஏழாம் சுரத்தை உயர்த்தி அமைத்ததே ஹார்மோனிக் மைனர்.

இதனால் எஃப்-க்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையே 3 அரைச்சுரத் தாவல் விழுந்துவிடுகிறது. பாடிக் காட்டச் சொன்னால், சிலர் தம்மையறியாமல் எஃப்-ஐயும் உயர்த்திவிடுவார்கள். நான் உடனே திருத்துவதில்லை. மெலோடிக் மைனர் ஏன் தேவைப்பட்டது என்பதை அவர்களுடைய குரலே கண்டுபிடித்துவிட்டதே! ஏறும்போது எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். இறங்கும்போது மேல் ஏ-யை நோக்கிய இழுப்புக்கு வேலையில்லாததால் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

எழுத்துத் தேர்வில் அடிக்கடி காணும் பிழை, ஜி ஷார்ப்பை ஏ ஃபிளாட் (அரைச்சுரம் தாழ்த்திய ஏ) என்று எழுதுவது. கட்டை ஒன்றுதான் என்றாலும், ஏ முதல் ஜி வரையான ஏழு எழுத்துகளும் ஒவ்வொரு முறை வரவேண்டிய ஸ்கேலில் அப்படி எழுதினால் ஜி-யே காணாமல் போய்விடும். உயர்த்திய சுரங்களின் ஷார்ப், வரியின் தொடக்கத்தில் ஸ்கேலுக்குரிய ஷார்ப், ஃபிளாட்டுகளைக் காட்டும் கீ சிக்னேச்சரில் இடம்பெறாமல் அந்தந்தச் சுரத்தின் அருகிலேயே எழுதப்படும். ஆகவே, தொடக்கத்தில் ஷார்ப்போ ஃபிளாட்டோ இல்லாத புதிய இசைத்தாள் கையில் கிடைத்தால், அது சி மேஜர் என்று முடிவுகட்டுமுன், கடைசிச் சில தாள அளவுகளில் (பார்களில்) ஜி ஷார்ப் தென்படுகிறதா, இசை ஏ-யில் வந்து அமர்கிறதா என்று தேடிப் பாருங்கள்.