முகத்தல்: கப்புக்கும் கிராமுக்கும் நடுவே ஒரு சொல்

கேக் செய்முறையில் 250 கிராம் மைதா என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது 250 மில்லி கப். இரண்டும் 250தானே என்று ஒரு கப் போட்டேன். வெந்து வந்தது கேக் இல்லை, களி. மாம்பலத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, மாவை மொண்டு போட்டியா, நிறுத்துப் போட்டியா?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நாம் மொள்ளுவது என்கிறோமே, அதற்கு எழுத்துத் தமிழில் இன்னொரு சொல் முகத்தல். பாத்திரத்தை உள்ளே விட்டு அள்ளி எடுப்பது என்று பொருள். பாத்திரத்தால் அளப்பதற்கும் அதுவே பெயர்; பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் வரும் 'முகத்தல் அளவை' அதுதான். தராசில் வைத்தால் நிறுத்தல், கிடைப்பது நிறை. தொல்காப்பியமே அளவு, நிறை என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது.

மூதுரையில் ஔவையார் 'ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி' என்கிறார். கடலிலேயே அமுக்கி மொண்டாலும் ஒரு நாழிப் பாத்திரத்தில் நாலு நாழி வராது. தண்ணீருக்குச் சரி. மைதாவிடம் இது முழுசாகச் செல்லாது, ஏனென்றால் மாவுக்கு நடுவே காற்று இருக்கிறது. 240 மில்லி கப்பில் கரண்டியால் மெதுவாகப் போட்டுத் தலைதட்டினால் சுமார் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி மொண்டால் 150 வரை போகும். அதே கப்பில் சர்க்கரை 200, தேன் 340. ஒரு கப் எத்தனை கிராம் என்று யாராவது கேட்டால், எதில் ஒரு கப் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

சரி, கப்புக்குத் தமிழ்? கோப்பை என்று எழுதுகிறார்கள். அதுவே போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். கேட்டதும் கிரிக்கெட் பரிசுதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் ஆழாக்குதான் பொருத்தம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கு ஏறக்குறைய 200 மில்லி. ஊருக்கு ஊர் படி மாறுமே என்பார்கள். கப் மட்டும் மாறாமலா இருக்கிறது? அமெரிக்கக் கப் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180.

கிலோ, லிட்டருக்கான சட்டம் 1956லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் வாக்குக் கேட்டார்கள். கிலோவில் சொல்லியிருந்தால் அந்த முழக்கம் எடுபட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் பெரியம்மாவின் பித்தளை ஆழாக்கை வாங்கி, டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். தண்ணீர் 206 கிராம். தண்ணீரில் கிராமும் மில்லியும் ஒன்றுதான் என்பதால் பாத்திரத்தின் கொள்ளளவும் தெரிந்துவிட்டது. சர்க்கரை 175, அமுக்காமல் தலைதட்டிய மைதா 108. மூன்றையும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கேக்குக்கு இரண்டேகால் ஆழாக்குக்கும் கொஞ்சம் கூடுதலாக மைதா மொள்ள வேண்டும்.