மைக்ரோ எக்ஸ்பிரஷன்: நுண்மெய்ப்பாடு

"நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குச் சற்று முன் அவர் புருவத்தில் ஒரு வேதனை வந்து போயிருக்கும். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரைதான் அது நிற்கும். இதைத்தான் மைக்ரோ எக்ஸ்பிரஷன் என்கிறார்கள். 1966-இல் ஹாகார்டு, ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உளசிகிச்சைப் படச்சுருள்களை மெதுவாக ஓட்டிப் பார்த்து இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு உளவியலாளர் பால் எக்மன் இதைப் பரவலாக அறியச் செய்தார்.

'மைக்ரோ' கிரேக்கம், சிறியது என்று பொருள். 'எக்ஸ்பிரஷன்' இலத்தீன் வழி வந்தது. அழுத்தி வெளியே தள்ளுவது என்பது அதன் வேர்ப்பொருள். அதையொட்டித்தான் 'நுண்வெளிப்பாடு' என்று எழுதுகிறோம். தவறில்லை. ஆனால் கவிதையும் ஓவியமும்கூட வெளிப்பாடுதானே, அதில் முகம் எங்கே? 'நுண்பாவனை' இன்னும் பொருந்தாது. பாவனை என்றால் பாசாங்கு என்றும் பொருள்படும். இதுவோ நம்மை மீறி வருவது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. மெய் என்றால் உடம்பு. படுதல் என்றால் தோன்றுதல். உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. மெய்க்கு உண்மை என்ற பொருளும் இருப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஆகவே, நுண்மெய்ப்பாடு.

சரி, கண்ணுக்குத் தப்புவதைக் கருவி எப்படிப் பிடிக்கிறது? நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் மிகக் குறுகிய நுண்மெய்ப்பாடு ஒரே படத்தில் முடிந்துவிடும். அதனால் வேகமான கேமராக்கள் வேண்டும். 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வழி காட்டினார்கள்: காணொளியில் உள்ள மிகச்சிறு அசைவையும் நிறமாற்றத்தையும் கணினி பெருக்கிக் காட்டும். ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முகம் சிவந்து வெளிறுவதே அதில் தெரிந்தது.

இங்கே இன்னொரு சொல்லும் வருகிறது: எம்பதி. ஜெர்மன் மொழியின் 'ஐன்ஃபியூலுங்', அதாவது உள்ளே புகுந்து உணர்தல் என்ற சொல்லுக்கு ஈடாக 1909-இல் உளவியலாளர் டிட்ச்னர் ஆங்கிலத்தில் ஆக்கியது. தமிழில் ஒத்துணர்வு. இரக்கத்திலிருந்தும் அனுதாபத்திலிருந்தும் இது வேறு. கருவி அச்சத்தைக் காட்டலாம். எதற்கு அச்சம் என்று அதற்குத் தெரியாது. பொய் சொல்பவருக்கும் அச்சம் வரும். உண்மையைச் சொல்லியும் நம்பமாட்டார்களோ என்று தவிப்பவருக்கும் வரும். அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும், அதற்குத்தான் ஒத்துணர்வு.

எழுதும்போது இப்படிப் பயன்படுத்தலாம்: "குரலில் தயக்கமே இல்லை, உதட்டோரம் மட்டும் அச்சத்தின் நுண்மெய்ப்பாடு ஒன்று வந்து மறைந்தது. 'என்ன ஆச்சு?' என்று மெதுவாகக் கேட்டேன்."