பாஸ்பட்டேஸ்: ஒட்டுவதா, களைவதா?

‘பாஸ்போபுரதப் பாஸ்பட்டேஸ்’ என்ற நொதிப் பெயரைப் பிரித்தால் பாஸ்பேட் (பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த சிறு கூறு) இரண்டு முறை தலைகாட்டுகிறது. பாஸ்போபுரதம் என்பது பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பட்டேஸ் என்பது அந்தப் பாஸ்பேட்டை நீரின் துணையோடு வெட்டிவிடும் நொதி. பெயரைக் கேட்பவர் ஏதோ பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி என்றே எண்ணுவார். சேர்ப்பது கைனேஸ், இது அதற்கு நேர் எதிர்.

வேர் கிரேக்கம்: ‘பாஸ்பரஸ்’ என்றால் ஒளி ஏந்துவது. 1669இல் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சி எடுத்த பொருள் இருட்டில் ஒளிர்ந்ததால் வந்த பெயர். ‘ஏஸ்’ என்ற வால், 1833இல் பிரித்தெடுக்கப்பட்ட, மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸ் நொதியிலிருந்து மற்ற நொதிகளுக்கும் தொற்றிக்கொண்டது.

இந்த நொதிக்கு முதலில் கிடைத்த பெயரே பிழையானது. 1940களில் கெர்ட்டி கோரியின் ஆய்வகத்தில், கிளைக்கோஜனை (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையை) உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியை மந்தமாக்கும் இன்னொரு நொதி தென்பட்டது. ஒட்டியிருந்த துணைக்கூறு எதையோ அது பிடுங்குகிறது என்று கருதி, துணைக்கூறு நீக்கும் நொதி என்றே அழைத்தார்கள். 1955இல் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் பாஸ்பாரிலேஸை முடுக்குவது பாஸ்பேட் ஏற்றமே என்று காட்டினார்கள். பழைய நொதி நீக்கியதும் பாஸ்பேட்டைத்தான் என்பது அதன் பிறகே விளங்கியது. 1992இல் நோபல் பரிசு இருவருக்கும் வந்தது.

தமிழில் ‘பாஸ்பேட் நீக்கி’ என்று எழுதலாம், பிழையில்லை. எனக்குப் பிடித்தது ‘பாஸ்பேட் களைநொதி’. ஆடை களைந்தாலும் ஆள் அப்படியே இருப்பதுபோல், பாஸ்பேட் போனாலும் புரதம் சிதைவதில்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். செல்லின் கட்டுப்பாடே இந்த ஏற்றி இறக்கலில்தான் இருக்கிறது. (வயலில் பிடுங்கும் களை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

இறக்கும் கை தளர்ந்தால் நோய். அல்சைமர் நோயாளியின் மூளையில் டௌ புரதம் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறி முடிச்சிட்டுக் கிடக்கிறது. அதை இறக்கும் முக்கிய நொதியான பிபி2ஏ அங்கே வலுவிழந்திருக்கிறது. ஆனால் சில நேரம் இந்தக் கையை நாமே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. நோயெதிர்ப்புப் படையான டி செல்களைத் தூண்டிவிடும் கால்சினியூரினும் ஒரு களைநொதிதான். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் அதைத்தான் தடுக்கிறது. அம்மருந்தைக் ‘களைநொதித் தடுப்பான்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை.