ஆறு பேர் இருந்தால் இரும்புப் பெட்டியைத் தூக்கிவிடலாமா?

போன வாரம் மறுபடியும் ஒரு அழைப்பு. இரும்புப் பெட்டியை இடம் மாற்றும்போது விழுந்துவிட்டது, சாவி போட்டும் திறக்கவில்லை, வர முடியுமா என்றார்கள். உதவிக்கு வந்த ஒருவரின் இரண்டு விரல்கள் நசுங்கிப்போன செய்தி, அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பெட்டகம் பழுது பார்ப்பவன் நான். விரலுக்கு என்னிடம் வழி இல்லை.

கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "ஆறு பேர் இருந்தோமே சார்!"

இந்த ஆள் கணக்கை முதலில் விடுங்கள். 420 கிலோ பெட்டியை ஆறால் வகுத்தால் ஆளுக்கு 70 கிலோ என்பது காகிதத்தில்தான். பெட்டி கொஞ்சம் சாய்ந்தாலே பாரம் தாழ்ந்த பக்கம் நிற்கும் இரண்டு பேர் மேல் இறங்கிவிடும். கதவுதான் கனம் என்பதால் பெட்டி எப்போதும் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். ஒருவர் கை வழுக்கினால் அவர் பங்கும் அந்த நொடியே மற்றவர்கள் தலையில். இன்னொன்று, சாய்க்கத் தொடங்கும்போதுதான் பலம் அதிகம் வேண்டும். சாயச் சாய லேசாகிக்கொண்டே வரும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார்கள். எடை மையம் அடி விளிம்பைத் தாண்டியதும் பெட்டி தானாக விழும். பத்து பேர் இருந்தாலும் நிறுத்த முடியாது.

தூக்கவே வேண்டாம், நெம்புங்கள். ஒன்றரை மீட்டர் கடப்பாரையின் முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில், கடப்பாரைக்கு அடியில் அண்டைக்கட்டை (முட்டுக் கொடுக்கும் கட்டை) வைத்தால், நீங்கள் அழுத்தும் பலம் 14 மடங்காகும். ஒரு விளிம்பை மட்டும் கிளப்புவதால் பெட்டியின் பாதி எடைதான் வரும். ஒரே ஆள் போதும்.

முதலில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். அரை அங்குலம் கிளப்பினால் உடனே அரை அங்குலச் சக்கை (தாங்கு மரத்துண்டு) அடியில் போக வேண்டும். சக்கையை இன்னொரு குச்சியால் தள்ளுங்கள். கை மெலிசு என்று சின்னப் பையனைச் செருகச் சொல்லாதீர்கள்! கடப்பாரையைக் காலுக்கு நடுவில் வைத்து அழுத்தாதீர்கள், நழுவினால் எகிறி அடிக்கும்.

அப்புறம் ஒரே பருமனுள்ள கனமான இரும்புக் குழாய்களை அடியில் போட்டு, அவற்றின் மேல் பெட்டியை உருட்டித் தள்ளுங்கள். மூன்று எப்போதும் அடியில், நான்காவது முன்னால். குழாய் கோணினால் சுத்தியலால் தட்டுங்கள், காலால் அல்ல. ஓடு பதித்த தரை என்றால் கனமான பலகை போடுங்கள். சரிவு, படிக்கட்டு இருந்தால் குழாயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். செயின் பிளாக்கோடு (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) வரும் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

சில பெட்டிகளின் கதவுக்குள் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. துளை போட்டுத் திறக்கப் பார்த்தால் அது நொறுங்கி, கூடுதல் தாழ் விழும். கீழே விழுந்த அதிர்ச்சியிலும் அப்படி ஆகலாம். சரியான சாவி கையில் இருந்தும் போன வாரம் அழைத்தவர்கள் தவித்தது அதனால்தான்.

தயவுசெய்து, சாயத் தொடங்கிய பெட்டியைத் தாங்கப் போகாதீர்கள். விழட்டும். "விடு, விலகு" என்று கத்த ஒருவரை வேலைக்கு முன்பே நிறுத்துங்கள். அவர் பெட்டியில் கை வைக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை.