கிராக் தே செவாலியே: ஒரு கோட்டைப் பெயரின் பொருளும் அதன் தமிழ் நிகரும்

சிரியாவின் ஹோம்ஸ் நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், லெபனான் எல்லையை ஒட்டிய மலைமுகடு ஒன்றில், கடல்மட்டத்துக்கு 650 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிலுவைப் போர்க் காலக் கோட்டை 'கிராக் தே செவாலியே' என்ற பெயரால் அறியப்படுகிறது. தமிழில் அதை 'மாவீரர்களின் கோட்டை' என்று பெயர்த்தால் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்தப் பெயர்ப்பு பெயரின் பிற்பாதிக்கு மட்டுமே நேர்மையாக இருக்கிறது. முற்பாதியாகிய 'கிராக்' என்னும் சொல்லுக்குள் ஒரு மக்களினத்தின் பெயர் புதைந்து கிடக்கிறது என்பதையும், அது எப்படிப் புதைந்தது என்பதையும் அறிந்த பிறகுதான் இதற்குத் தமிழ் நிகர் தேட வேண்டும்.

முதலில் ஒலிப்பைச் சொல்லிவிடலாம். இது பிரெஞ்சுப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'கிராக் டெஸ் செவாலியர்ஸ்' என்று எழுதுவது சரியன்று. இரண்டு சொற்களின் ஈற்றிலும் உள்ள சகரம் பிரெஞ்சில் ஒலிப்பதில்லை. தமிழ்ப் பேச்சில் வழங்கும் 'கிராக்கு', 'கிராக்கி' ஆகிய சொற்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கோட்டை நிற்கும் குன்றுக்கு அரபியில் வழங்கிய பழைய பெயர் 'ஹிஸ்ன் அஸ்-ஸஃப்ஹ்'. மலைச்சரிவின் அரண் என்பது அதன் பொருள். 1031ஆம் ஆண்டு அலெப்போவை ஆண்ட மிர்தாசிய மரபின் அமீர், ஹோம்ஸிலிருந்து இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள திரிப்போலிக்குச் செல்லும் வழியைக் காப்பதற்காக இங்கே குர்திய வீரர்களைக் குடியமர்த்தினார். வடக்கிலும் தெற்கிலும் மலைத்தொடர்கள் நெடுக ஓட, அவற்றுக்கு இடையே கடற்கரையையும் உள்நாட்டையும் இணைக்கும் கணவாயாக இந்த இடம் இருந்ததால், அதைக் காப்பவர் கையில்தான் அந்த வழியின் போக்குவரத்து முழுவதும் இருந்தது. அரபியில் 'குர்த்' என்பதன் பன்மை 'அக்ராத்'. எனவே காவலிருந்தவர்களின் பெயரே அரணுக்கும் பெயராகி, 'ஹிஸ்ன் அல்-அக்ராத்', அதாவது குர்தியரின் அரண், என்று வழங்கலாயிற்று.

முதலாம் சிலுவைப் போரின் படை எருசலேமை நோக்கிச் செல்லும் வழியில், 1099ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துலூஸ் கோமகன் ரேமோன் இந்த அரணைத் தாக்கினார். உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள் தங்கள் ஆடுமாடுகளை வெளியே அவிழ்த்துவிட, பசித்திருந்த படைவீரர்கள் அவற்றைப் பிடிக்கச் சிதறி ஓடினர்; அந்தக் குழப்பத்தில் ரேமோனே சிறைப்படும் நிலை வந்தது. மறுநாள் படை திரும்பி வந்தபோது அரண் ஆளற்றுக் கிடந்தது. ரேமோனின் படை அங்கே நிலைத்துத் தங்கவில்லை. 1110ஆம் ஆண்டு அந்தியோக்கியாவின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த தன்கிரெத் அதைக் கைப்பற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது திரிப்போலிக் கோமகனின் உடைமையாயிற்று.

வந்தவர்களை அரபு மக்கள் 'இஃப்ரஞ்ச்', 'ஃபிரஞ்ச்' என்று அழைத்தார்கள். பிராங்கு இனத்தவர் என்ற சொல்லின் அரபு வடிவம் அது. அதே சொல் பாரசீகத்தில் 'ஃபரங்கி' என்றாகி, கிழக்கே பயணப்பட்டு, சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு போர்த்துக்கீசியரைக் குறிக்கும் 'பறங்கி'யாகத் தமிழிலும் வந்து தங்கியது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர்களின் முதல் உறுப்பும், இந்தக் கோட்டையைக் கைப்பற்றியவர்களுக்குச் சிரிய மக்கள் இட்ட பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சொற்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தொடர்புகளில் இதுவும் ஒன்று.

பிராங்கியர் 'அல்-அக்ராத்' என்ற பெயரைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றினார்கள். முதலில் இருந்த 'அல்' என்னும் சுட்டும் அதனோடு ஒட்டிய அகரமும் கழன்றன, எஞ்சியது 'க்ராத்'. அரபியில் இதன் ஈற்று மெய் அதிர்வுடைய மெல்லொலி. பழைய பிரெஞ்சிலோ சொல்லின் ஈற்றில் வரும் அத்தகைய மெய் அதிர்வை இழந்து வல்லொலியாகிவிடும். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது; இரண்டையும் நாம் தகரத்தால்தான் எழுதுகிறோம். ஆனால் உரோமன் எழுத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது: அக்காலப் பத்திரங்களில் கோட்டையின் பெயர் வல்லெழுத்து ஈற்றோடு 'லெ கிராத்' என்றும், இலத்தீன் ஈறு ஏற்று 'கிராத்தும்' என்றும் பதிவாயிற்று.

அடுத்த திரிபே முதன்மையானது. சிரியாக், அரமேய மொழிகளில் 'கர்க்கா', 'கரக்' என்றால் மதில் சூழ்ந்த ஊர் அல்லது கோட்டை. இராக்கிலுள்ள கிர்குக் நகரத்தின் பெயரும் இந்தச் சொல்லிலிருந்தே வந்தது. இன்றைய ஜோர்தானில் சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள கரக் என்னும் ஊரிலும் சிலுவைப் போர்வீரர் 1142ஆம் ஆண்டளவில் ஒரு பெருங்கோட்டை கட்டினார்கள். அது அவர்கள் வாயில் 'கிராக்' ஆயிற்று. 'கிராத்' என்றொரு கோட்டை வடக்கே, 'கிராக்' என்றொரு கோட்டை தெற்கே என்றிருக்க, பொருள் விளங்காத முதல் பெயர், கோட்டை என்ற பொருள் ஓரளவு விளங்கிய இரண்டாம் பெயரோடு கலந்துவிட்டது. ஈற்றிலிருந்த தகரம் ககரமாகியது. ஒரே ஓர் எழுத்து மாறியதில் குர்தியர் என்னும் மக்களின் பெயர் மறைந்து, 'கோட்டை' என்ற பொதுப்பெயர் அந்த இடத்தில் அமர்ந்தது. ஆகவே 'கிராக் என்றால் கோட்டை' என்று மட்டும் எழுதும் குறிப்புகள் திரிபின் முடிவைச் சொல்கின்றன, தொடக்கத்தைச் சொல்வதில்லை.

இனிப் பெயரின் பிற்பாதி. திரிப்போலிக் கோமகன் இரண்டாம் ரேமோன் 1142ஆம் ஆண்டு இந்தக் கோட்டையையும் அதைச் சூழ்ந்த நிலங்களையும் எருசலேம் புனித யோவான் சபைக்கு அளித்தார். அதன் பின்னர், தெற்கிலிருந்த கிராக்கிலிருந்து வேறுபடுத்த, இது 'கிராக் தெ லொப்பித்தால்' எனப்பட்டது. யோவான் சபையின் கிராக் என்பது பொருள். 'ஒப்பித்தால்' என்பதை இன்றைய மருத்துவமனை என்று கொண்டு 'மருத்துவமனை வீரர்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. இலத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு விருந்தினர், விருந்தோம்புபவர் என்ற இரு பொருளும் உண்டு. எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களுக்குப் படுக்கை, உணவு, நோய்க்குப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் தந்த இடமே அது. நம் ஊர்களில் யாத்திரிகர் தங்கி உண்ட சத்திரம் அதற்கு மருத்துவமனையைவிட நெருங்கியது. அந்தச் சத்திரத்தை நடத்திய துறவியரின் சபையைத் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் 1113ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டார்; யாத்திரிகர் வழியைக் காக்கும் பொறுப்பும் சேரச்சேர அவர்கள் வாளேந்திய துறவியரானார்கள்.

'செவாலியே' என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு 1995ஆம் ஆண்டு அளித்த விருதின் வழியாக அது வீடுதோறும் தெரிந்த சொல்லாயிற்று. அதன் அடிச்சொல் குதிரை என்னும் பொருளுடைய இலத்தீன் 'கபால்லுஸ்'. குதிரையேறிப் போரிடுபவன் என்பதே முதற்பொருள். பின்னர் உயர்குடி வீரன் என்ற தகுதிப்பொருளும், இன்று அரசு வழங்கும் பட்டம் என்ற பொருளும் அதில் ஏறின. சொல்லுக்குச் சொல் நிகர் வேண்டுமென்றால் தமிழில் 'குதிரைச் சேவகர்' உண்டு. மாணிக்கவாசகர் வரலாற்றில் இறைவனே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வருகிறான். ஆனால் இந்தக் கோட்டையில் இருந்தவர்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளை ஏற்ற துறவியர் என்பதால், 'துறவு வீரர்' என்பதே அவர்களுக்குப் பொருந்தும் சொல். உண்மையில் அவர்கள் காலத்தில் கோட்டைக்குச் 'செவாலியே' என்ற அடைமொழியே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கியோம் ரே இந்தக் கோட்டைகளை ஆராய்ந்து எழுதியபோதுதான் 'கிராக் தே செவாலியே' என்ற பெயர் வழக்குக்கு வந்தது.

அரபியில் இன்று இதன் பெயர் 'கல்அத் அல்-ஹிஸ்ன்'. 'கல்ஆ' என்றாலும் கோட்டை, 'ஹிஸ்ன்' என்றாலும் கோட்டை என்பதால் கூறியது கூறல்போல் தோன்றும். அப்படியன்று. மலையடியில் உள்ள ஊர், அரணின் பெயரைத் தாங்கி அல்-ஹிஸ்ன் ஆயிற்று. பிறகு அந்த ஊரின் பெயரால் கோட்டை சுட்டப்பட்டது. இந்தக் 'கல்ஆ'வும் தமிழ்நாட்டுக்கு வந்த சொல்தான். பாரசீகம் வழியாக அது 'கிலா' என்றாகி, கோட்டைத் தலைவனைக் குறிக்கும் 'கில்லேதார்' என்ற பதவிப் பெயராகச் செஞ்சி, வேலூர் வரலாறுகளில் வழங்குகிறது.

'ஹிஸ்ன்' என்பதற்குத் தமிழில் 'கோட்டை' போதும் என்று பலர் கருதலாம். எனக்கு 'அரண்' என்பதே சரியான நிகராகத் தோன்றுகிறது. ஹிஸ்ன் என்ற சொல்லின் வேர், எளிதில் அணுக முடியாமை, காப்புடைமை ஆகியவற்றைக் குறிப்பது. கட்டடம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அரணும் அவ்வாறே முதலில் காவல், பிறகு காவலைத் தரும் மதில். வள்ளுவர் 'உயர்வகலம் திண்மை அருமைஇந் நான்கின் அமைவரண் என்றுரைக்கும் நூல்' என்று கூறும் நான்கில் கடைசியான 'அருமை', பகைவரால் நெருங்க முடியாத தன்மை, அப்படியே ஹிஸ்ன் என்னும் சொல்லின் வேர்ப்பொருள்.

இந்தக் கோட்டையின் உறுப்புகளை எழுதவும் நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. 1170, 1202ஆம் ஆண்டுகளின் நிலநடுக்கங்களுக்குப் பின் யோவான் சபையார் அதை மீண்டும் கட்டி, 13ஆம் நூற்றாண்டில் பழைய மதிலைச் சுற்றி இன்னொரு மதிலை எழுப்பினார்கள். இவற்றை உள்மதில், புறமதில் என்றே சொல்லலாம். பகைவர் எளிதில் ஏறிவரக்கூடிய தென்புறத்தில் உள்மதிலின் அடி மலைபோல் பருத்துச் சாய்ந்து இறங்குகிறது. அந்தச் சாய்சுவருக்கும் புறமதிலுக்கும் நடுவே தேங்கிய நீர், காவலிருந்தோருக்குக் குளமாகவும் பகைவருக்குத் தடையாகவும் பயன்பட்டது. அதைப் பழந்தமிழில் கிடங்கு என்போம். மதிலில் அம்பெய்ய விட்ட துளை ஏப்புழை. வீரர் நின்று பொரும் உள்மேடை பதணம். முன்னே பிதுங்கி நிற்கும் காவலிடம் கொத்தளம். கிழக்கு வாயிலில் நுழைபவர் வெயிலிலிருந்து சட்டென்று இருண்ட, கவிந்த கூரையுள்ள சரிவுப்பாதைக்குள் புகுந்து, கொண்டை ஊசி வளைவுபோல் பாதை திரும்பும் இடத்தில் தாமும் முழுதாகத் திரும்பி ஏற வேண்டும்; மேலேயுள்ள துளைகள் வழியாகக் காவலர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உள்முற்றத்தில் பெருமண்டபத்தின் முன்னுள்ள தாழ்வாரத்தில் இலத்தீன் வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. செல்வமும் அறிவும் அழகும் உனக்கு வாய்க்கட்டும். செருக்கு ஒன்று சேர்ந்தால் அனைத்தையும் கறைப்படுத்திவிடும் என்பது அவற்றின் கருத்து. போருக்கென்று கட்டிய இடத்தில், துறவியர் நாள்தோறும் கடந்துசெல்லும் வழியில் இந்த வரிகள் இருப்பதைக் கண்டால், 'துறவு வீரர்' என்னும் கூட்டுச்சொல்லின் முதற்பாதியை ஏன் விட்டுவிடக் கூடாது என்பது தெளிவாகும்.

கோட்டை வீழ்ந்த வரலாற்றைத் தொல்காப்பியம் மதிற்போரைப் பற்றிய உழிஞைத் திணைக்குக் கூறும் 'முற்றலும் கோடலும்', அதாவது முற்றுகையிடுதலும் கைப்பற்றுதலும், என்ற இரு சொற்களால் சொல்லிவிடலாம். எகிப்தை ஆண்ட மம்லூக்கு சுல்தான் பைபர்ஸ் 1271 மார்ச் மாதத் தொடக்கத்தில் முற்றினார். ஏப்ரல் 8ஆம் நாள் கொண்டார். புறமதிலைக் கடந்தபின், உள்மதிலில் ஒதுங்கிய சிறு காவற்படைக்கு, திரிப்போலியிலிருந்த சபைத் தலைமை சரணடையுமாறு ஆணையிடுவதாக ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. கடிதம் போலியானது. உயிருக்கு உறுதி பெற்று வீரர்கள் வெளியேறினார்கள். முற்றியும், முற்றாது தாக்கியும், 'அறைப்படுத்தும்' கைப்பற்ற முடியாததே அரண் என்கிறது குறள். அறைப்படுத்தல் என்பது உள்ளிருப்போரை வஞ்சனையால் வசப்படுத்துதல். உள்மதிலை இறுதியில் திறக்கவைத்தது இந்த மூன்றாம் வழி. அதன்பின் கோட்டையின் சிற்றாலயம் பள்ளிவாசலாயிற்று. பிற்காலத்தில் மதிலுக்குள்ளேயே ஓர் ஊர் குடியேறி வாழ்ந்தது. 1933ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு கோட்டையை விலைக்கு வாங்கி அவர்களை வெளியே குடியமர்த்தியது. 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை, சிரிய உள்நாட்டுப் போரால் 2013இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலுக்கும் சென்றது.

ஆகவே தமிழில் எழுதுவோர் பெயர்ச்சொல்லைக் 'கிராக் தே செவாலியே' என்றே எழுதி, முதன்முறை வரும்போது 'குர்தியர் அரண் என்னும் அரபுப் பெயரின் திரிபு' என்று உடன் குறித்தல் நலம். 1031 முதல் சிலுவைப் படையின் வருகை வரையுள்ள காலத்தைப் பேசும்போது 'குர்தியர் அரண்' என்றும், 1142 முதல் 1271 வரையுள்ள காலத்துக்கு 'யோவான் சபையார் அரண்' என்றும் எழுதலாம். வெறும் 'கிராக்' என்று மட்டும் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். 1188ஆம் ஆண்டு, சிலுவைப் படையினரை எதிர்த்துப் போரிட்ட சுல்தான் சலாவுத்தீன் சிரியாவிலுள்ள இந்தக் கோட்டையின் எதிரே வந்து, அதன் வலிமையைக் கண்டு முற்றாமலே சென்றுவிட்டார். அதே ஆண்டு அவருடைய படையிடம் வீழ்ந்தது ஜோர்தானிலுள்ள கரக். அடைமொழியை விட்டு எழுதினால், சலாவுத்தீன் விட்டுச்சென்ற கோட்டையையே அவர் பிடித்ததாகப் படிப்பவர் எண்ண நேரும்.